சங்கு ஊதினால் விழிக்கும் ஊர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு தாய், தம் மகன் குடியேறியிருக்கும் அமெரிக்க ஊரில் இரவு எட்டு மணிக்கே தெரு அடங்கிவிடுகிறதாமே, அது என்ன அமெரிக்கா என்று கேட்டிருந்தார். அது தொழிலாளர் ஊராக இருக்கும், விடியுமுன் எழுகிறவர்கள் முன்னிரவிலேயே படுத்துவிடுவார்கள் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இரண்டு வரி போதாது என்று வந்த கடிதங்களுக்காக இவ்விதழின் பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன்.

கேள்வி: 'புளூ கொலர்' ஊர் என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் வாசிக்கிறேன். சட்டையின் கழுத்துப்பட்டிக்கும் ஓர் ஊருக்கும் என்ன தொடர்பு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை)

தொடர்பு சலவையில் இருக்கிறது. எண்ணெயோடும் கரியோடும் இரும்புத்தூளோடும் மல்லுக்கட்டுகிறவருக்கு வெள்ளைச் சட்டை அரைநாளும் தாங்காது. கறையை விழுங்கிக்கொள்ளும் நீலத் துணியே அவருக்கு உகந்தது. ஆகவே மேசையில் இருந்து வேலை செய்பவரை வெள்ளைக் கொலர் என்றும், உடலுழைப்பாலும் கைத்திறனாலும் பிழைப்பவரை நீலக் கொலர் என்றும் அமெரிக்கர் அழைக்கலாயினர். பெரும்பாலும் முன்னவருக்கு ஆண்டுச் சம்பளம், பின்னவருக்கு மணிக்கூலி. ஆனால் அத்தகையோர் அதிகமாக வாழ்கிறார்கள் என்பதற்காக மட்டும் ஓர் ஊருக்கு அந்தப் பெயர் வருவதில்லை. அந்த ஊரின் கடை, பாடசாலை, தேவாலயம், தவறணை, விளையாட்டுத் திடல் எல்லாமே ஒரு தொழிற்சாலையின் வாசலில் கைமாறும் கூலியை நம்பி நிற்கின்றன என்பதே உண்மையான காரணம்.

பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பேர்க் நகருக்குத் தெற்கே, மொனொங்காஹேலா ஆற்றின் வளைவொன்றில் கிடக்கும் டொனோராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1901இல் உருவான அந்த ஊரின் பெயரே முதலாளிமார் வைத்தது. வில்லியம் டொனர் என்ற ஆலைக்காரரின் பெயரையும், வங்கியாளர் அன்ட்ரூ மெலனின் மனைவியான நோராவின் பெயரையும் ஒட்டவைத்தார்கள். ஆற்றங்கரையை உருக்காலையும் கம்பி ஆலையும் பின்னர் நாக (சிங்க்) ஆலையும் பிடித்துக்கொள்ள, வீடுகள் மலைச்சரிவில் ஏறிக்கொண்டன. சமதரை இயந்திரங்களுக்கு, சரிவு மனிதர்களுக்கு என்ற இந்த அமைப்பை அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் பலவற்றிலும் காணலாம். ஆலைச் சங்குதான் கடிகாரம். 1923 வரை அமெரிக்க உருக்காலைகளில் 12 மணி நேர வேலை சாதாரணமாக இருந்தது. பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறும் நாளில் ஒரே ஆள் தொடர்ந்து 24 மணி நேரம் நிற்க வேண்டியும் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எப்போது பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பது என்பதையெல்லாம் தீர்மானித்தது ஆலைதான்.

இத்தனை சிறிய ஊர் மூன்று பெரிய பேஸ்போல் ஆட்டக்காரர்களைப் பெற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போலந்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் மகனான ஸ்டான் மியூசியல் 1920 நவம்பர் 21ஆம் திகதி அங்கே பிறந்தார். கென் கிரிஃபி என்ற தந்தையும் அதே பெயர் கொண்ட மகனும் அவ்வூர்க்காரரே, அதிலும் மகன் பிறந்தது 1969இல் அதே நவம்பர் 21ஆம் திகதியில். கிரிக்கெட் பார்க்கும் நம்மவருக்கு இதில் சுவை குறைவாக இருக்கலாம்.

கேள்வி: சென்ற இதழில் எழுதிய தாய் நான்தான். மகன் ஒஹையோ மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒரு கிழமை பகல், மறு கிழமை இரவு. கோயிலில் யாராவது 'தம்பி அங்கே என்ன செய்கிறார்' என்று கேட்டால், 'கம்பனியில்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அது குறைந்த வேலையா, ஐயா? (ஒரு தாய், கொட்டாஞ்சேனை)

அம்மா, கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லி வளர்த்த சமூகம் நாம். கை அழுக்காகும் வேலை என்றால் நமக்குக் கூச்சம் வருவதற்கு அந்தப் பழமொழி ஒன்றே போதும். உங்கள் மகன் இருக்கும் ஊரில் அந்தக் கூச்சம் இருப்பதற்கு இடமில்லை, ஏனெனில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் பெரும்பாலும் அதே போன்ற வாசலால் உள்ளே போகிறவராகவே இருப்பார். மின்வினைஞர், வெல்டர், இயந்திரங்களைப் பொருத்தித் திருத்துகிறவர் ஆகியோர் அங்கே பயிலுநராகச் சேர்ந்து, கூலி வாங்கிக்கொண்டே சில ஆண்டுகள் கற்றுத் தேறியவர்கள். அவர்களுள் பலர் கந்தோர் எழுதுவினைஞரைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறார்கள். 1938ஆம் ஆண்டின் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும். இரவு முறையைப் பற்றி மகன் முறைப்பட்டால் நம்புங்கள். முறை மாறும்போது உறக்கம் கெடுவது வெறும் சாட்டல்ல.

மதிப்பைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். நான் கவலைப்படுவது வேறு சில விடயங்களைப் பற்றி. இங்கே கடையிலோ கந்தோரிலோ வேலை செய்கிறவருக்கு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் சட்டத்தில் உண்டு; அமெரிக்க மத்திய சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை ஒரு நாள்கூட இல்லை, நிறுவனம் மனமிரங்கியோ சங்கம் பேசியோ கொடுத்தால்தான் உண்டு. 1993ஆம் ஆண்டின் சட்டமொன்று பிள்ளைப்பேறு, கடும் நோய் போன்றவற்றுக்காக 12 வாரம் விலகியிருக்க அனுமதிக்கிறது, ஆனால் அந்த வாரங்களுக்குச் சம்பளம் கட்டாயமில்லை; 50 பேருக்குக் குறைவான தனியார் நிறுவனங்களுக்கு அதுவும் பொருந்தாது. நம்முடைய பெரியாஸ்பத்திரியில் நோயாளியிடம் எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டுவிட்டுக் கட்டில் கொடுப்பதில்லை. அங்கே 65 வயதுக்குக் குறைந்த பெரும்பாலானோருக்கு மருத்துவக் காப்புறுதி வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது, வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும். மொன்டானாவைத் தவிர ஏனைய மாநிலங்கள் எல்லாவற்றிலும், ஒப்பந்தமோ சங்கமோ இல்லாத ஒருவரைக் காரணம் காட்டாமலே நிறுத்தலாம் என்பதுதான் பொது விதி. ஆகவே மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன வேலை' என்பதல்ல. 'சங்கம் இருக்கிறதா, காப்புறுதி எப்போதிலிருந்து, சுகயீன விடுமுறை எத்தனை நாள்' என்பவைதான். கோயிலில் கேட்பவர்களுக்குத் தொழிற்சாலையில் வேலை என்றே சொல்லுங்கள்.

கேள்வி: 1948இல் டொனோராவைப் புகை மூடியதால் மக்கள் இறந்ததாக எங்கள் பாடக் குறிப்பில் ஒரு வரி வருகிறது. ஆட்கள் இறந்துகொண்டிருக்கும்போது ஆலையை ஏன் உடனே நிறுத்தவில்லை? (உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி)

ஒரு வரியில் அடங்காத விடயம். வழக்கமாக நிலத்தருகேயுள்ள காற்று சூடாகி மேலெழும். புகையும் அதோடு போய்விடும். அந்த ஒக்டோபர் மாதக் கடைசியில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்க, வெப்பமான காற்று அதன்மேல் மூடிபோல் படுத்துக்கொண்டது. காற்றசைவும் இல்லை. நாக ஆலையும் உருக்காலையும் வெளிவிட்ட கந்தக வாயுக்களும் உலோகத் தூசும் போக வழியின்றி மூடுபனியோடு கலந்து, 27ஆம் திகதி முதல் 31ஆம் திகதிவரை ஊருக்குள்ளேயே நின்றன. வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளின் ஹலோவீன் ஊர்வலம் நடந்தது. பார்க்க வந்தவர்களுக்கு நிழல்கள் நகர்வதுபோல் மட்டுமே தெரிந்தது. சனிக்கிழமை பாடசாலைக் கால்பந்தாட்டப் போட்டியும் தடையின்றி நடந்தது. அதற்குள் தீயணைப்புப் படையினர் ஒட்சிசன் கொள்கலன்களைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். டொனோராவிலும் அக்கரையிலுள்ள வெப்ஸ்டரிலும் 20 பேர் இறந்தனர். அப்பகுதியில் வாழ்ந்த ஏறக்குறைய 14,000 பேரில் ஆறாயிரம் பேரளவில் நோயுற்றனர். நாக ஆலை ஞாயிறு காலையில்தான் நிறுத்தப்பட்டது. அன்றே மழை பெய்து புகை கலைந்தது. மறுநாள் ஆலை மீண்டும் திறந்தது.

ஏன் என்று கேட்கிறீர்கள். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் படைத்த சட்டம் அன்று இருக்கவில்லை என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமானது, புகை எழுந்தால் ஊரில் சோறு இருக்கிறது என்றுதான் அங்குள்ளவர்கள் பல்லாண்டுகளாகக் கற்றிருந்தார்கள் என்பது. புகை நின்ற நாள்களை, அதாவது பொருளாதார மந்தம் நிலவிய 1930களை, அவர்கள் மறந்திருக்கவில்லை. அக்கரைக் குன்றுகளில் புல் பூண்டு கருகியதை எல்லோரும் கண்டிருந்தார்கள். வெப்ஸ்டரின் விவசாயிகள் நீண்டகாலமாக முறையிட்டும் வந்தார்கள். ஆனால் அந்தக் கோடைக்கும் பனிக்கும் நடுவே மூச்சுத் திணறி இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்களும் முன்னரே நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும். உலையடியில் நின்றவர்களோ அவர்களுடைய பிள்ளைகள். தந்தையின் மூச்சை அடைத்த அதே உலைதான் மகனின் வாடகையையும் கட்டியது. அந்தக் குடும்பத்தவர் வாய் திறக்கவில்லை என்பதற்காக அவர்களை அறியாதவர்கள் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. உண்மையில் விசாரணை வேண்டுமென்று எழுந்த குரல்களில் உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் குரலும் ஒன்று. ஆய்வுக்காக அது பணமும் கொடுத்தது. 1949இல் வந்த அரசாங்க அறிக்கை எந்த ஒரு தனிப் பொருளையும் குற்றவாளியாகக் காட்டாமல், பல பொருள்கள் சேர்ந்த விளைவு என்றது. நட்டஈட்டு வழக்குகளை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே இணக்கமாக முடித்துக்கொண்டது.

வளி மாசடைதல் பற்றிய மத்திய சட்டங்கள் 1955, 1963, 1970ஆம் ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளில் இதை முதலில் வைப்பார்கள். ஆனால் டொனோராவின் நாக ஆலை எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் 1957இல் மூடப்பட்டது, உருக்காலையும் 1960களில் போயிற்று. இன்று அங்கே மீந்திருப்போர் 5,000 பேருக்கும் குறைவு. அந்தப் புகைக்கென்று அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. 'தூய காற்று இங்கேதான் தொடங்கியது' என்பது அதன் வாசகம்.

கேள்வி: நான் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து, இப்போது கிராண்ட்பாஸில் இருக்கிறேன். எங்கள் பாட்டனார் காலத்தில் அரிசிக்காசைச் சம்பளத்தில் வெட்டுவார்கள். வெள்ளைக்காரர் நாட்டில் வெள்ளைத் தொழிலாளிக்கும் இப்படி நடந்ததா? (ஒரு வாசகர், கொழும்பு 14)

நடந்தது, ஐயா. மேற்கு வேர்ஜினியா, கென்டக்கி போன்ற இடங்களின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வீடு கம்பனியுடையது, கடையும் கம்பனியுடையது. கம்பனியே அடித்த நாணயத்தில் முற்பணம் கொடுத்து, அந்த நாணயம் செல்லுபடியாகும் ஒரே கடையான தன் கடையிலேயே அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் தொழிலாளியின் கடனை எழுதி அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இரண்டுக்கும் உருவம் வேறு, உயிர் ஒன்று. வேலைநிறுத்தம் செய்தால் வீடும் போகும். மேற்கு வேர்ஜினியாவின் மேட்வான் என்ற ஊரில், சங்கத்தில் சேர்ந்த சுரங்கத் தொழிலாளரின் சாமான்களை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போட வந்த தனியார் காவலர்களுக்கும் ஊரவர்க்கும் 1920 மே 19ஆம் திகதி துப்பாக்கிச் சண்டை மூண்டு, நகர முதல்வர் உட்படப் பத்துப் பேர் இறந்தனர்.

சிக்காகோவுக்கு அருகே புல்மன் என்ற ரயில்பெட்டி முதலாளி தன் பெயரிலேயே ஓர் அழகான ஊரைக் கட்டினார். 1894இல் வியாபாரம் சுருங்கியபோது கூலியைக் குறைத்தவர் வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவ, மத்திய அரசு படையை அனுப்பி அதை அடக்கியது. நான்கு ஆண்டுகளின் பின், ஒரு தொழிற்சாலைக் கம்பனி ஊரைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது என்று இலினோய் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். ஸ்லோவாக்கியரோ போலந்தினரோ இத்தாலியரோ எவ்வளவு ஏளனப்பட்டாலும், அந்த மண்ணில் பிறந்த அவர்களின் பிள்ளை பிறந்த அன்றே அந்நாட்டுப் பிரஜை. அந்தப் பிள்ளைகளின் வாக்குகள்தான் 1930களில் தொழிற்சங்கச் சட்டங்களைக் கொண்டுவந்த அரசாங்கத்துக்குப் பலம் கொடுத்தன. டொனோராவில் புகை கலைந்து பதினைந்தாம் நாள், 1948 நவம்பர் 15ஆம் திகதி, இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் உங்கள் பாட்டனார் எத்தனை கொழுந்து பறித்துக் கொடுத்தாலும் அவருக்கு ஒரு நாடு இருக்கவில்லை. அமெரிக்காவிலும் இதற்கு நிகரான அநியாயத்தை அனுபவித்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள்தான். பிரஜாவுரிமை ஏட்டில் இருந்தும் தென் மாநிலங்களில் வாக்கைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். வடக்கே அவர்கள் வந்து சேர்ந்த ஆலைகளில் மிகச் சூடான, மிக அழுக்கான வேலைகளே அவர்களுக்கு நீண்டகாலம் ஒதுக்கப்பட்டன.

கேள்வி: இத்தனை நாட்டவரும் ஒரே ஊரில் என்ன சாப்பிட்டார்கள்? (ஒரு வாசகி, தெஹிவளை)

அவரவர் உணவை. ஆனால் மூன்றாம் தலைமுறையில் எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள். பியெரோகி என்று ஒன்று உண்டு. உருளைக்கிழங்கை மசித்து மாவில் பொதிந்து அவிப்பது, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தேவாலய மண்டபங்களிலும் தீயணைப்பு நிலையங்களிலும் மீன் பொரித்து விற்று நிதி சேர்ப்பது பிட்ஸ்பேர்க் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. கொச்சிக்கடைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: ஆலையை மூடினால் இன்னோர் ஊருக்குப் போய்ப் பிழைக்க வேண்டியதுதானே? அவ்வளவு பெரிய நாட்டில் ஏன் அங்கேயே கிடந்து வாடுகிறார்கள்? (வர்த்தகர், புறக்கோட்டை)

கடையை மாற்றுவதுபோல் எண்ணிவிட்டீர்கள். 1977 செப்டெம்பர் 19ஆம் திகதி, ஒரு திங்கட்கிழமை, ஒஹையோவின் யங்ஸ்டவுன் அருகே கெம்பல் உருக்காலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 5,000 பேரின் வேலை போயிற்று. அந்த நாளை அங்கே இன்றும் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். அவர்களில் ஒருவரின் இடத்தில் நின்று கணக்குப் பாருங்கள். அவருடைய சேமிப்பு வீட்டில் இருக்கிறது. ஆலை மூடியதும் ஊரில் எல்லா வீடும் ஒரே நாளில் விற்பனைக்கு வந்ததுபோல் ஆகிவிட, அதை வாங்க ஆளில்லை. அவருடைய சேவை மூப்பு அந்த ஆலைக்குள் மட்டுமே செல்லும். இருபது ஆண்டு அனுபவத்தோடு இன்னோர் ஆலைக்குப் போனாலும் வரிசையில் கடைசி ஆள். தாய் தந்தையர் அங்கே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சகோதரி அங்கே. இளையவர்கள் போனார்கள்தான். பிட்ஸ்பேர்க்குக்கு அருகிலுள்ள பிரடொக்கில் 1920இல் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள், இன்று 2,000 பேர்கூட இல்லை. உருக்கு முதலாளி கார்னகி அமெரிக்காவில் கட்டிய முதல் நூலகம் 1889இல் திறக்கப்பட்ட ஊர் அது. வியப்பு என்னவென்றால், அங்குள்ள உருக்காலை மட்டும் 1875 முதல் இன்றுவரை இயங்குகிறது. இயந்திரம் பெருகி ஆள் குறைந்தால் ஆலை இருந்தும் ஊர் தேய்கிறது.

மூடும்போது சட்டம் என்ன செய்கிறது என்பதிலும் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. இங்கே 1971ஆம் ஆண்டின் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனம் ஆட்களை நிறுத்துவதாயின் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி நூறு பேருக்குக் குறையாத நிறுவனங்கள் 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். வர்த்தகரான உங்களுக்கு நம் சட்டம் கைவிலங்காகத் தோன்றலாம். அந்த 5,000 பேர் அதைக் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள். மேற்கு வேர்ஜினியாவின் வெயர்ட்டன் ஊர்த் தொழிலாளர் 1984இல் தங்கள் உருக்காலையைத் தாங்களே வாங்கி நடத்தியும் பார்த்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு தாக்குப்பிடித்து 2003இல் முறிந்தது.

1892இல் சங்கத்துக்கும் கார்னகியின் கம்பனிக்கும் இரத்தம் சிந்தி மோதல் நடந்த ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதி. பழைய செங்கல் புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக நிற்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலத்தில், 1933இல் வேலைநிறுத்தம் நடந்த அதே இடத்தில், இன்று ஹெவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகளும் கடைத்தொகுதியும் நிற்கின்றன. நாம் புகைபோக்கியைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

கேள்வி: கடைசியாக ஒன்று, ஐயா. மகன் அங்கே வீடு வாங்கப் போகிறானாம். விலை கொழும்பில் ஒரு சிறிய தொடர்மாடி வீட்டைவிடக் குறைவாம். விடலாமா? (கொட்டாஞ்சேனைத் தாய்)

விலை குறைவதற்கான காரணத்தை மேலே வாசித்திருப்பீர்கள். வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அம்மா. அந்த ஆலை மூடப்பட்டால் கார் ஓடும் தூரத்தில் வேறு வேலைதருநர் எத்தனை பேர், ஒரு வைத்தியசாலையாவது திறந்திருக்கிறதா, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய ஆதன வரி எவ்வளவு என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே பாடசாலைச் செலவின் பெரும் பங்கு அந்த வரியிலிருந்துதான் வருகிறது. ஆள் குறைந்த ஊரில் மீந்திருப்பவர் தலையில் அது கூடுதலாக விழும். கூரையையும் நிலக்கீழ் அறையின் ஈரத்தையும் ஒரு தடவை மழை நாளில் போய்ப் பார்க்கட்டும்.